ஒரே கட்டா, மூன்று கோடுகள்: சின்டோவும் கன்காக்குவும்

(திரையில்: வெள்ளைச் சீருடையில் ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். தூக்கிய காலின் பாதம் மற்ற முழங்காலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது.)

கராத்தேயில் ஷோடோகான் பாணி படிப்பவரிடம் இதைக் காட்டினால் "கன்காக்கு" என்பார். வாடோ-ரியூ, ஷிட்டோ-ரியூ, இஷின்-ரியூ என்ற மற்றப் பாணிக்காரர்கள் "சின்டோ" என்பார்கள். இரண்டும் இந்த நிலை வரும் ஒரே கட்டாவின் பெயர்கள், இரண்டும் சரிதான். (கட்டா என்றால் எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவு வரிசை.) ஹெயான், பசாய் என்ற கட்டாக்கள் போல எல்லாருக்கும் பழகியது இல்லை இது. ஷோடோகானில் கறுப்புப் பட்டை வாங்கிய பிறகுதான் பெரும்பாலும் இந்தப் பக்கமே வருவார்கள்.

முதலில் கதை. இன்று ஜப்பானில் இருக்கும் ஒகினாவாத் தீவில் மன்னராட்சி நடந்த காலம். அங்கே தொமாரி என்ற ஊர்ப் பக்கம் ஒரு சீனர் கரையொதுங்கினார், பெயர் சின்டோ. பசிக்குத் திருட ஆரம்பித்தவரைப் பிடிக்க, அரசரின் மெய்க்காவலர் மட்சுமுரா சோகோன் போனார். அடிக்கு அடி சமம். கடைசியில் மட்சுமுரா அவரிடமே வித்தை கற்றுக்கொண்டார். இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை, வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1922இல் தோக்கியோ போன, ஷோடோகானின் நிறுவனர் ஃபுனாகோஷி கிச்சின், பழைய கட்டாக்கள் பலவற்றுக்கு ஜப்பானியப் பெயர் சூட்டினார். அப்படித்தான் சின்டோ கன்காக்கு ஆனது: பாறைமேல் நிற்கும் கொக்கு.

(திரையில்: மேலிருந்து எடுத்த காட்சி. தரையில் மூன்று கோடுகள்.)

சரி, பெயரை விடுங்கள், தரையைப் பாருங்கள். இந்தக் கட்டாவில் கால் போகும் கோடு ஆசானுக்கு ஆசான் மாறுகிறது. ஒகினாவா ஆசான் இட்டோசு அன்கோ வழியில் வந்தவர்கள் முன்னும் பின்னுமாகச் செய்கிறார்கள். ஷோடோகான் இந்த வகை. தொமாரியின் மட்சுமோரா கோசாக்கு வழியில் இடமும் வலமுமாக. (மட்சுமுரா வேறு, மட்சுமோரா வேறு, கராத்தே வரலாறு படிக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது இங்கே தடுக்கி விழுவார்கள்.) இன்னொரு ஒகினாவா ஆசான் கியான் சோட்டோகு வழியில் 45 டிகிரி சாய்கோடு. அவருடைய மாணவர் ஷிமாபுகு தட்சுவோ 1956இல் தொடங்கிய இஷின்-ரியூவில் இன்றும் அந்தச் சாய்கோடுதான். யார் யாரிடம் கற்றார்கள் என்பதைக் கால் போகும் திசையே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆரம்பத்தில் வரும் முழுச் சுற்று, அப்புறம் வரும் இரட்டைத் தாவு உதை, இவையெல்லாம் அடையாளம் தெரிகிற அளவுக்கு ஒன்றுபோலவே இருக்கும். முதலில் பார்த்த அந்த ஒற்றைக்கால் கொக்கு நிலைக்கு வந்ததும்தான் பாதை பிரிகிறது.

(திரையில்: இரண்டு வடிவங்களும் பக்கம் பக்கமாக, மெதுவாக.)

இடப்பக்கம் ஷோடோகான். இரண்டு முஷ்டிகளும் இடுப்போரம் ஒன்றன்மேல் ஒன்று. முகம் திரும்புகிறது. பக்கவாட்டில் உதை, அதே நொடியில் முஷ்டியின் பின்புறத்தால் அடி. அடுத்து வரும் குத்தில் முஷ்டி திருகி, உள்ளங்கை தரையைப் பார்க்கிறது.

வலப்பக்கம் இஷின்-ரியூ. அதே ஒற்றைக் கால், ஆனால் உதை நேராக முன்னால் போகிறது. குத்தும் செங்குத்தான முஷ்டி, கட்டைவிரல் மேலே.

பார்க்க அழகு ஷோடோகான்தான், சந்தேகமே இல்லை. ஆனால் எதிராளி காலை வாரும்போது நம் காலைத் தூக்கித் தப்பித்து, தூக்கிய காலாலேயே அவரை உதைக்க வேண்டும் என்றால் நேர் உதைதான் சட்டென்று போய்ச் சேரும். என் ஓட்டு இஷின்-ரியூவின் ஒகினாவா வடிவத்துக்கு. ஷோடோகான் நண்பர்கள் கோபிக்க வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை: உலக கராத்தே சம்மேளனத்தின் போட்டிப் பட்டியலில் சின்டோவும் கன்காக்குவும் தனித்தனிக் கட்டாக்கள். களத்தில் இறங்குபவர் கட்டாவின் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். அடுத்த முறை இந்த இரண்டில் ஒன்று காதில் விழுந்தால், கையை விட்டுவிட்டு அந்த உதை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.