பைகளுக்குக் காவல் இருக்கிறவர்களுக்காக

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் பல பனியன் கம்பெனிகளில் வருடத்துக்கு ஒரு தடவை ஆட்களை டூர் கூட்டிப்போவார்கள். டெய்லர், செக்கிங், அயர்னிங், கட்டிங் மாஸ்டர், அவர்கள் வீட்டுக் குழந்தைகள், சில சமயம் அம்மாயி, அப்புச்சி வரைக்கும் பஸ் நிறைய ஆள் இருக்கும். அந்த டூருக்கு பஸ் பேசுவது, டிக்கெட் போடுவது, சோற்றுக்குச் சொல்வது எல்லாம் என் தொழில். எங்கே போகலாம் என்று கேட்டால் இளவட்டங்கள் முந்திக்கொண்டு சொல்வது தீம் பார்க்தான். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், சிறுவாணி ரோட்டில் கோவை கொண்டாட்டம், முதலாளி கொஞ்சம் தாராளமாக இருந்தால் கொச்சி வொண்டர்லா.

உள்ளே போய் அரை மணி நேரத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பாதி ராட்டினத்தைப் பார்த்து ஓடும். இன்னொரு பாதி மர நிழலில் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தவர்களைச் சுற்றிப் பை குவியும். செருப்பு, செல்போன், மூக்குக் கண்ணாடி, யாரோ கழற்றிக் கொடுத்த தோடு. “ஏனுங்கக்கா, நீங்க வரலீங்களா?” “எனக்கு ஆகாது சாமி, நீங்க போயிட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்.” அவ்வளவுதான். அந்த அக்காவுக்கு அன்றைக்கு முழுக்க வேலை அதுதான். டிக்கெட் என்னவோ எல்லோருக்கும் ஒரே விலை.

இன்றைக்கு அந்த அக்காவுக்காகத்தான் பேசப் போகிறேன். ராட்டினம் ஏறாதவர்கள் தீம் பார்க்குக்கு வரவே கூடாது என்பதில்லை. அவர்களையும் கணக்கில் வைத்து அந்த நாளைத் திட்டமிட வேண்டும். ஆனால் இப்போது நாம் திட்டம் போடுவது ஏறுகிறவர்களுக்காக மட்டும்தான்.

ஒரு சங்கதி சொல்கிறேன். உலகத்துக்கே தீம் பார்க் என்றால் என்ன என்று காட்டியது அமெரிக்காவில் இருக்கிற டிஸ்னிலாண்ட். அந்த யோசனை எங்கே வந்தது என்று வால்ட் டிஸ்னியே சொல்லியிருக்கிறார். லாஸ் ஏஞ்சல்ஸில் கிரிஃபித் பார்க் என்று ஒரு பூங்கா. மகள்கள் இரண்டு பேரும் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள், இவர் பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து பொழுதுபோக்க ஒரு இடம் வேண்டும் என்று அங்கேதான் தோன்றியதாம். அதாவது, பைக்குக் காவல் இருந்த ஆளுக்கு வந்த யோசனை! 1955 ஜூலையில் அந்தப் பூங்காவைத் திறந்தபோது அதில் ரோலர் கோஸ்டரே கிடையாது. பூங்காவைச் சுற்றி வர ஒரு ரயில், படகு, குதிரை ராட்டினம், நடந்து பார்க்கத் தெருக்கள், கடைகள். முதல் ரோலர் கோஸ்டர் வந்தது 1959இல். நாலு வருடம் அது இல்லாமலேயே கூட்டம் வந்தது. அதனால் “அதில் ஏறாவிட்டால் பார்க்குக்கு எதுக்கு வர்றீங்க” என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

சரி, ஏறாதவர்கள் ஏன் ஏறுவதில்லை? இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்தான் திட்டம் போட முடியும். சிலர் ஏறவே கூடாது. கர்ப்பிணிகள், இருதயக் கோளாறு உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், கழுத்து, முதுகுத் தேய்மானம் உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள். ராட்டினத்துக்கு முன்னால் போர்டில் இது எழுதியிருக்கும். வரிசையில் நிற்கிற அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. தையல் மிஷினில் பத்து மணி நேரம் குனிந்து உட்காருகிறவர்களில் கழுத்துவலி இல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். அவர்களைச் சடாரென்று திருப்பிப் போடுகிற ராட்டினத்துக்கு இழுத்துப்போகாதீர்கள்.

இன்னும் சிலருக்குப் பயம் ஒன்றும் இல்லை, தலைசுற்றல்தான். காதுக்குள்ளே அரைவட்டமாக மூன்று குழாய்கள் இருக்கின்றன, அதற்குள் ஒரு திரவம். நாம் திரும்பினால் அது அசைந்து மூளைக்குச் சேதி சொல்கிறது. வேகமாகச் சுற்றிச் சட்டென்று நின்றால் உடம்பு நின்றுவிடும், அந்தத் திரவம் நிற்காது. கண் ஒன்று சொல்லும், காது ஒன்று சொல்லும். வயிற்றைப் புரட்டுவது அதனால்தான். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இது கூடுதல். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கும் அதிகம். மலை ரோட்டில் பஸ்ஸில் வாந்தி எடுக்கிற பிள்ளை என்றால் சுற்றுகிற ராட்டினத்திலும் எடுக்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ரகம், சும்மாவே பிடிக்காதவர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை, பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இவர்களைத்தான் எல்லோரும் படுத்தி எடுப்பார்கள். “ஒரு தடவை ஏறினா பயம் போயிரும்” என்று சொல்லாத ஆள் கிடையாது. எனக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. பெரியவர்கள் சிரித்து மழுப்பிவிடுவார்கள். பத்து வயதுப் பையன் என்ன செய்வான்? மாமா பையன் கேலி பண்ணுகிறான் என்று ஏறிவிட்டு, கம்பியைப் பூட்டின பிறகு அழுவான். பூட்டினால் பாதியில் இறங்க முடியாது. பூட்டுவதற்கு முன்னால் எழுந்து வரலாம். ஆபரேட்டரிடம் “வேண்டாமுங்க, இறங்கிக்கறேன்” என்று சொன்னால் விட்டுவிடுவார். இதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கூட்டிவாருங்கள்.

எதில் ஏறலாம், எதில் வேண்டாம் என்று முடிவு பண்ண ஒரு சுலபமான வழி இருக்கிறது. நுழைகிற பக்கம் நிற்காதீர்கள், வெளியே வருகிற பக்கம் போய் ஒரு சுற்று முழுக்க நின்று பாருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். இறங்கி வருகிறவர்களில் உங்கள் வயதுக்காரர்கள் இருக்கிறார்களா? நேராக நடக்கிறார்களா, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களா? போர்டில் எழுதியதை விட அந்த முகங்கள் நிறையச் சொல்லும்.

ஜயன்ட் வீலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகையில் பெரிய தூரி என்கிற ராட்டினம் ஏறிப் பயந்தவர்கள் பார்க்கிலும் அதே மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பண்டிகைத் தூரியில் ஆட்கள் கத்தக் கத்த வேகத்தைக் கூட்டுவார்கள். பெரிய பார்க்குகளில் அது நிதானமாகச் சுற்றும், சில இடங்களில் நாலு பக்கமும் அடைத்த கூண்டாகவே இருக்கும். வயிற்றில் பூச்சி பறப்பது மேலே போகும்போது இல்லை, உச்சியைத் தாண்டி இறங்கும்போது. அப்போது கீழே பார்க்காமல் தூரத்தில் மலையையோ தோப்பையோ பாருங்கள். ஆள் ஏற்ற இறக்க உச்சியில் கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள், ரிப்பேர் என்று பதற வேண்டாம். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். காற்றும் மின்னலும் அதிகமானால் உயரமான ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் ஆபரேட்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

ஏறாதவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் வேறொன்று இருக்கிறது. சீட் ஆடுகிற திரீடி தியேட்டர். “சும்மா உட்கார்ந்து படம் பார்க்கறதுதானே, ஏசி வேற இருக்கு” என்று பெரியவர்களைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார்கள். திரையில் பள்ளத்தாக்கில் விழுகிற மாதிரி காட்டுவான், நாம் விழுந்துவிட்டோம் என்று கண் நம்பும், உடம்பு அதே இடத்தில் குலுங்கும். முன்னே சொன்னேனே, கண்ணுக்கும் காதுக்கும் சண்டை என்று, அதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. தலைசுற்றல்காரர்களுக்கு இது ஆகாது. தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், கொஞ்சம் அடங்கும். பஸ்ஸுக்குப் போடுகிற வாந்தி மாத்திரை சிலருக்குக் கேட்கும். ஆனால் அது தூக்கம் வரவழைக்கும், மற்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம்.

அப்புறம் இவர்களுக்கு என்னதான் இருக்கிறது? பார்க்கைச் சுற்றுகிற குட்டி ரயில், ஓடைத் தண்ணீரில் டியூபில் மிதந்து போவது, அலைக்குளத்தின் ஆழமில்லாத ஓரம், சாயங்கால ஷோக்கள். எங்கே எது இருக்கிறது என்று முந்தின நாளே பார்க்கின் வரைபடத்தை செல்போனில் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஷோ எத்தனை மணிக்கு என்று கேட்டில் நுழையும்போதே கேட்டு, அதைச் சுற்றித்தான் மற்றதை அடுக்க வேண்டும். தண்ணீரில் இறங்க வேண்டுமானால் நைலான், லைக்ரா துணிதான் போட வேண்டும் என்று பல இடங்களில் சட்டம் வைத்திருக்கிறார்கள். பருத்தி நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். சேலையோடு வருகிற அக்காமார் இந்த இடத்தில்தான் பின்வாங்கிவிடுகிறார்கள். ஊர் உலகத்துக்கெல்லாம் டீசர்ட் தைத்து அனுப்புகிற நம் ஆட்கள் பார்க் வாசலில் வாடகைக்கு டிராயர் வாங்கி நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். முழங்காலுக்குக் கீழே வரைக்கும் இறங்குகிற பேன்ட், முழுக்கைச் சட்டை என்று அந்தத் துணியிலேயே கிடைக்கிறது. ஊரிலேயே வாங்கிக்கொண்டு வாருங்கள்.

நான் டூர் கூட்டிப்போனால் உள்ளே போனதும் முதலில் செய்வது லாக்கர் எடுப்பதுதான். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒன்று எடுத்தால் தலைக்கு அதிகம் ஆகாது. பை எல்லாம் உள்ளே போய்விட்டால் ஒருத்தரும் காவலுக்கு உட்கார வேண்டியதில்லை. இதைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சாவியை மட்டும் ராட்டினம் ஏறாத ஆளிடம் கொடுங்கள், தண்ணீரில் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் எப்போதும் ஏறுகிறவர்கள்தான். சாப்பாட்டையும் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஏறாதவர்கள் பன்னிரண்டு மணிக்கே போய்ச் சாப்பிட்டால் வரிசை இருக்காது. சர்க்கரைக்காரர்களுக்கும் அதுதான் நல்லது. வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள், அரிசிம்பருப்புச் சோறு கட்டிக்கொண்டு வந்தால் பஸ்ஸிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மருந்தும் கைக்குழந்தைக்கான பாலும் கொண்டுபோகலாம். அறுபது தாண்டியவர்களுக்குச் சில பார்க்குகளில் டிக்கெட் விலை குறைவு, ஆனால் நாம் கேட்டால்தான் சொல்வார்கள். ஆதார் கார்டு கையில் இருக்கட்டும்.

ஏறாதவர்களின் எண்ணிக்கையே அதிகம் என்றால் இடத்தையே வேறு மாதிரி யோசிக்கலாம். பாலக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மலம்புழா அதற்குத் தோதான இடம். அணை 1955இல் கட்டியது, கீழே தோட்டம், அதில் கானாயி குஞ்ஞுராமன் செய்த பெரிய யட்சி சிலை, தோட்டத்துக்கு மேலே நிதானமாகப் போகிற ரோப் கார். பக்கத்திலேயே ஃபேன்டசி பார்க் இருக்கிறது. இளவட்டங்களை அங்கே இறக்கிவிட்டு மற்றவர்கள் தோட்டத்துக்குப் போகலாம், பஸ் ஒன்றே போதும்.

மேட்டுப்பாளையம் போகிறவர்களுக்கும் இந்த மாதிரி ஒரு வழி இருக்கிறது. பிள்ளைகள் பிளாக் தண்டரில் இருக்கட்டும், பெரியவர்கள் காலை ஊட்டி ரயிலில் குன்னூர் வரைக்கும் போய்வரட்டும். 1899இல் ஓட ஆரம்பித்த பாதை. யுனெஸ்கோ 2005இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கல்லாறு தாண்டினதும் நடுவில் பல் வைத்த தண்டவாளம் ஆரம்பிக்கும். என்ஜின் முன்னால் இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும், ஆள் மெல்ல ஓடுகிற வேகம்தான் இருக்கும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் பாலத்துக்குக் கீழே பள்ளம் தெரியும். ராட்டினமே வேண்டாம் என்று சொன்ன அம்மாயிகள் அதை எட்டி எட்டிப் பார்ப்பார்கள். டிக்கெட் மட்டும் ரொம்ப முன்னாலேயே போட்டுவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்தால் ரயில் ரத்தாகிவிடும், அந்த மாதங்களில் இதை நம்பி இருக்காதீர்கள். இறங்கும்போது பஸ் என்றால் பர்லியார் வளைவுகளுக்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம்.

கடைசியாக, திரும்பி வருகிற பஸ். சாயங்காலம் முன் சீட்டுக்குச் சண்டை நடக்கும். தலைசுற்றல்காரர்களுக்கு முன் சீட்டைக் கொடுத்துவிடுங்கள், ரோடு நேராகத் தெரிந்தால் அவர்களுக்கு அவ்வளவாகப் புரட்டாது. அவிநாசி வருவதற்குள் வாந்தி எடுப்பது பெரும்பாலும் அவர்கள் இல்லை. காலையிலிருந்து எல்லா ராட்டினத்திலும் இரண்டு தடவை ஏறிவிட்டு, கடைசியில் பரோட்டாவும் ஐஸ்கிரீமும் சாப்பிட்டுவிட்டுப் பின் சீட்டில் போய்ப் படுத்த வீரர்கள்தான். அவர்களுக்காக நாலு பேப்பர் கவரும் ஒரு எலுமிச்சம்பழமும் எடுத்து வையுங்கள்.

நன்றி, வணக்கம்.