பரிசலில் இருந்து பார்த்தால் தெரியும் கரை

[காட்சி: காலை வெயில், பூலாம்பட்டி துறை]

சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டிக்கும் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்கும் நடுவே, கதவணை நீரைத் தேக்கி நிறுத்துவதால், காவிரி ஓர் ஏரியைப் போல அசைவின்றிக் கிடக்கிறது. அக்கரைக்குச் செல்ல விசைப்படகு உண்டு என்றாலும், பூவையும் பூச்சியையும் பார்க்க விரும்புவோருக்கு அதன் சத்தமும் அலையும் இடைஞ்சலே. மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னிக் கட்டும் பரிசலில் அமர்ந்தால், நம் கண்கள் கரையோரச் செடிகளின் உயரத்துக்கே இறங்கிவிடுகின்றன. பரிசலுக்கு முன்புறமும் இல்லை, பின்புறமும் இல்லை. துடுப்பை நிறுத்தியதும் அது தானாகவே மெல்லச் சுற்றி, இரு கரைகளையும் மாறி மாறிக் காட்டும்.

[காட்சி: கரையோரச் சேற்றில் நீர்முள்ளி]

முதலில் கண்ணில் படுவது நீர்முள்ளி. கணுதோறும் முட்கள் சூழ்ந்திருக்க, அவற்றின் நடுவே ஊதா நிறப் பூக்கள் விரிந்திருக்கின்றன. பூவின் கீழ் உதடு தேனீ வந்து அமரும் திண்ணையாகப் பயன்படுவதைப் பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போதுதான் நன்றாக உணர முடிகிறது. இறக்கைகளில் மயில்கண் பொட்டுகள் கொண்ட மயில் வசீகரன் என்னும் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி முட்டையிடும் செடிகளுள் இதுவும் ஒன்று.

[காட்சி: நாணல் தண்டு, மிக அருகில்]

இப்போது துடுப்பை மடியில் வைத்துவிடுங்கள். நீருக்கு ஒரு சாண் மேலே, நாணல் தண்டைப் பற்றியபடி, சருகு போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது தட்டான் கழற்றிப் போட்ட தோல். நீருக்கடியில் புழுக்களையும் கொசுவின் இளம்பருவத்தையும் வேட்டையாடி வளர்ந்த இளந்தட்டான், ஒருநாள் இத்தண்டில் ஏறி, முதுகு பிளந்து, இறக்கைகளோடு வெளிவந்திருக்கிறது. பிளவின் ஓரத்தில் தொங்கும் மெல்லிய வெண்ணிற நூல்களைத் தவறவிடாதீர்கள்: அவை அதன் மூச்சுக்குழாய்களின் உட்தோல். மூச்சுக்குழாயின் உள்ளுறையைக்கூட உரித்து வைத்துவிட்டுப் பறந்து போயிருக்கிறது! இதைப் பார்ப்பதற்காகவே பரிசல் ஏறலாம் என்பேன்.

அருகில் அமர்ந்திருக்கும் ஒல்லியான பூச்சியையும் பலர் தட்டான் என்றே சொல்லிவிடுகிறார்கள். அமரும்போது இறக்கைகளை விரித்தே வைத்திருந்தால் தட்டான். பெரும்பாலும் முதுகின்மேல் சேர்த்து மடித்துக்கொண்டால் ஊசித்தட்டான். ஊசித்தட்டான் நீர்ச்செடிகளின் திசுவைக் கீறி, அதனுள் முட்டைகளைச் செருகி வைக்கும்.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரையின் இளம் ஊதாப் பூவும் அழகுதான். ஆனால் அது அடர்ந்து படர்ந்த இடத்தில் பரிசலே நுழைய முடியாது, அடியில் வெளிச்சமும் இறங்காது.

[காட்சி: நிழலான நீர்ப்பரப்பு]

இறுதியாக, நீரின்மேல் ஓடும் இந்த நீள்காற் பூச்சியைக் கவனியுங்கள். நுண்மயிர் அடர்ந்த கால்கள் நனைவதில்லை. ஆகவே நீரின் மேற்பரப்பு சற்றே குழிந்து, அதன் எடையைத் தாங்கிக்கொள்கிறது. நடுக்கால்கள் இரண்டும் துடுப்பு, பின்கால்கள் திசைதிருப்பி, குட்டையான முன்கால்கள் இரையைப் பிடிக்க. தவறி நீரில் விழுந்த ஈ துடிக்கும்போது எழும் சிற்றலையை வைத்தே அதன் இருப்பிடத்தை இப்பூச்சி அறிந்துகொள்கிறது. நம் துடுப்பு ஒருமுறை நீரைத் தொட்டாலும் போதும், அலையை உணர்ந்து நாலாபுறமும் சிதறிவிடும்.