சட்டைப் பையில் ஒரு நோட்டு

வணக்கம் நேயர்களே. ஒரு இடத்தைப் பற்றி எழுதவேண்டுமென்றால் போய்ப் பார்ப்போம், நாலு பேரிடம் பேசுவோம், திரும்பி வந்து எழுதுவோம். அமெரிக்க எழுத்தாளர் டெட் கனோவருக்கு அது போதவில்லை. கல்லூரியில் மானுடவியல் படிக்கும்போதே சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு, வீடில்லாத நாடோடிகளோடு மாதக்கணக்கில் சுற்றியவர். அப்புறம் மெக்சிகோ தொழிலாளர்களோடு சேர்ந்து எல்லை தாண்டினார், அவர்களோடு தோட்ட வேலையும் செய்தார். ஆனால் நான் இன்று பேச வந்தது அவர் சிறைக்குப் போனதைப் பற்றி. கைதியாக இல்லை, காவலராக.

நியூயார்க் மாநிலத்தில் புதிதாகச் சேரும் சிறைக் காவலர்களின் பயிற்சியைக் கூடவே இருந்து பார்த்து எழுத அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. சரி, வேலைக்கே மனு போடுவோம் என்று போட்டுவிட்டார்! தேர்வு எழுதி, வருடக்கணக்கில் காத்திருந்து, ஏழு வாரம் பயிற்சி முடித்து, 1997இல் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள சிங் சிங் சிறைக்குள் சீருடையோடு நுழைந்தார். பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. அதனால்தான் இதை மாறுவேஷம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பளமும் சாவிக்கொத்தும் நிஜம், கைதிகள் அவர்மேல் காட்டிய கோபமும் நிஜம்.

காவலர்கள் சட்டைப் பையில் சின்ன நோட்டு வைத்திருப்பது வழக்கம், அவரும் வைத்திருந்தார். யார் என்ன சொன்னார்கள், எந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்று கிடைத்த இடைவெளியில் அதில் கிறுக்கிக்கொள்வார், வீட்டுக்கு வந்தபிறகு உட்கார்ந்து விரிவாக எழுதுவார். கூட வேலை பார்த்தவர்களிடம் இதைப் பற்றி மூச்சு விட முடியாது. ஏறக்குறைய ஒரு வருடம் இப்படியே ஓடியது.

என்னை ரொம்பப் பாதித்தது, அந்த வேலை அவரையே மாற்றியதை அவர் மறைக்காமல் எழுதியதுதான். நாள் முழுக்கக் கத்தி, அதட்டி, பயந்து, அந்தச் சூட்டை வீட்டுக்கும் கொண்டுவந்து சொந்தப் பிள்ளையிடமே பொறுமை இழந்ததை எழுதியிருக்கிறார். பேட்டி எடுக்கப் போகிறவருக்கு இது கிடைக்காது, ஏனென்றால் எந்தக் காவலரும் முன்பின் தெரியாதவரிடம் இதைச் சொல்லமாட்டார்.

2000இல் 'நியூஜாக்' என்ற பெயரில் புத்தகம் வந்தது. புதுக் காவலரைச் சிறைக்குள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த மாநிலச் சிறைகளில் முதலில் புத்தகத்தையே உள்ளே விடவில்லை. பிறகு விட்டார்கள், பாதுகாப்பு சம்பந்தமான சில பக்கங்களை மட்டும் கிழித்துவிட்டு.