பழுது பார்க்க ஆளில்லாத பேரரசு

வணக்கம் நேயர்களே. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவுப் பிள்ளைகளுக்கு மோட்டார் பிரிக்கக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். நாவல் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் திரும்பத் திரும்பப் படிப்பது ஒரே நாவல்தான்: ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்'.

1941 ஆகஸ்டில் ஒரு நாள். நியூயார்க் சுரங்க ரயிலில் பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்பெல்லைப் பார்க்கப் போகிறார் அசிமோவ். வயது 21. கொடுக்கக் கதை இல்லை. கையிலிருந்த இசைநாடகப் புத்தகத்தைப் பிரித்தால், ஒரு சிப்பாயின் படம். சிப்பாய், படை, பேரரசு என்று மனம் ஓடுகிறது. ரோம் விழுந்த கதையை வரலாற்றாசிரியர் கிப்பன் எழுதியிருந்தாரே, அதை முன்பே படித்தவர். இறங்குவதற்குள், விண்மீன் மண்டலம் முழுவதையும் ஆளும் பேரரசு ஒன்று சரியத் தொடங்கிவிட்டது. 1942இல் பத்திரிகையில் வந்தது, 1951இல் புத்தகமாயிற்று.

ஹாரி செல்டன் என்ற கணித மேதை அதில் வருகிறார். தேர்த் திருவிழாவில் ஒருத்தர் எந்தக் கடையில் நிற்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தேர் நிலைக்கு வந்ததும் கூட்டம் எந்தத் தெரு வழியாகக் கலையும் என்று சொல்லிவிடலாம், இல்லையா? செல்டனின் கணக்கு அந்த ரகம். 12,000 ஆண்டுப் பேரரசு விழும், பிறகு 30,000 ஆண்டு இருட்டு. அதை 1,000 ஆண்டாகக் குறைக்கத்தான் டெர்மினஸ் என்ற கடைக்கோடிக் கிரகத்தில் அறிஞர்களைக் குடியேற்றுகிறார். அந்தக் குடியேற்றம்தான் 'ஃபவுண்டேஷன்'.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பேரரசிலிருந்து டெர்மினஸுக்கு டார்வின் பிரபு என்று ஒருவர் வருகிறார். குரங்கு டார்வின் இல்லை, இவர் வேறு. மூக்குப்பொடி போடுவார், நாக்கில் 'ர' வராது. மனித இனம் எந்தக் கிரகத்தில் தோன்றியது என்பது அவருடைய ஆராய்ச்சி. டெர்மினஸ் மேயர் ஹார்டின் கேட்கிறார்: நேரில் போய்த் தோண்டிப் பார்க்கலாமே? பிரபுவுக்குப் புரியவே இல்லை. எதற்குப் போக வேண்டும்? பழைய அறிஞர்கள் எழுதியது இருக்கிறது, ஒன்றோடொன்று ஒப்பிட்டு முடிவுக்கு வந்தால் அதுதான் விஞ்ஞான முறை என்கிறார்!

இந்த இடத்தில் எனக்கு என் வகுப்பறை ஞாபகம் வந்துவிடும். "மோட்டார் ஏன் சுற்றவில்லை?" என்றால் கைடில் இருக்கும் எட்டுக் காரணத்தையும் ஒரு பையன் ஒப்பிப்பான். மூடியைக் கழற்றடா என்றால் முழிப்பான். கடைசியில் பார்த்தால் ஃபியூஸ் போயிருக்கும். கழற்றிப் பார்க்க வேண்டும் நேயர்களே, கழற்றிப் பார்க்க வேண்டும்.

அதே பிரபு இன்னொன்றும் சொல்கிறார். ஒரு கிரகத்தில் அணுமின் நிலையம் வெடித்துப் பல லட்சம் பேர் செத்துப்போனார்கள். முன்பு பார்த்த ரிப்பேர் சரியில்லையாம். விவரம் தெரிந்த ஆட்கள் கிடைப்பதில்லையாம். அதற்கு என்ன செய்யலாம்? புதிதாக ஆட்களைப் பழக்கலாம். பேரரசு யோசிப்பதோ அணுசக்தி உபயோகத்தையே கட்டுப்படுத்த! பேரரசு விழுவதை அசிமோவ் போர்க்களத்தில் காட்டவில்லை, ரிப்பேரில் காட்டுகிறார். அதனால்தான் இந்தப் புத்தகம் என் கையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அந்தப் பிரபு ஐந்து நாள் பேசியதையெல்லாம் டெர்மினஸ்காரர்கள் தர்க்கக் கணக்கில் போட்டு, வெற்றுச் சொற்களைக் கழித்துப் பார்க்கிறார்கள். மிச்சம்? பூஜ்யம். இதை நான் எத்தனை கூட்டங்களில் உட்கார்ந்து... சரி, ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரமாகிறது என்று கை காட்டுகிறார்கள்.

'மியூல்' பற்றித்தான் முக்கியமாகப் பேச நினைத்திருந்தேன். 1952இல் வந்த இரண்டாம் புத்தகத்தில் வருபவன். மனிதர்களின் உணர்ச்சியையே மாற்றிவிடும் ஒற்றை ஆள். கூட்டத்துக்குப் போட்ட கணக்கு அந்த ஒருவனிடம் தோற்றுப்போகிறது. அவன் யார் என்று... வேண்டாம், சொன்னால் படிக்கிற சுவை போய்விடும். நேரமும் முடிந்தது. வணக்கம்.