பேருந்து நிலையக் கழிப்பறையில் கிடக்கும் ஊசி

நேயர்களுக்கு வணக்கம்.

பொதுக் கழிப்பறையில் பயன்படுத்திய ஊசி ஒன்று கிடந்தால், "எவனோ போதை ஊசி போட்டிருக்கிறான்" என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படியும் இருக்கலாம். ஆனால் அது சுகருக்கு இன்சுலின் போடுகிற ஒருவருடைய ஊசியாகவும் இருக்கலாம். நீரிழிவுப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர் நான். பயணத்தில் எங்கே ஊசி போடுகிறீர்கள் என்று கேட்டால், பஸ் ஸ்டாண்டு பாத்ரூம் என்றுதான் பாதிப் பேர் சொல்கிறார்கள்.

அவர்கள் நிலைமையையும் பாருங்கள். உணவு நேரத்து இன்சுலினைச் சாப்பிடுவதற்கு முன்னால் போட்டாக வேண்டும். திருச்சியிலிருந்து நாகர்கோவில் போகிறவருக்கு மதியச் சாப்பாடு வழியில்தான். நாலு பேர் முன்னால் சட்டையைத் தூக்கக் கூச்சம். கழிப்பறைக்குள் போய் வயிற்றில் போட்டுக்கொள்கிறார். சிரிஞ்சை ஜன்னல் திட்டிலோ குப்பைக் கூடையிலோ வைத்துவிட்டு, பஸ் கிளம்பிவிடுமே என்று ஓடுகிறார். சிலர் ஓட்டைக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். அடைப்பு எடுக்க வருகிறவர் கையில் அது ஏறும்.

அந்தக் கூடையைக் காலி செய்யும் அம்மாவை ஒரு நாள் நின்று கவனியுங்கள். கூடை நிரம்பியதும் இன்னும் கொஞ்சம் கொள்ளட்டும் என்று உள்ளங்கையால் குப்பையை அமுக்குவார். பிறகு பையைச் சுருட்டிக் கட்டி, தொங்கவிட்டுக்கொண்டு நடப்பார். ஒவ்வொரு அடிக்கும் பை கெண்டைக்காலில் உரசும். கையிலோ காலிலோ ஊசி ஏறுவது இந்த இரண்டு இடத்தில்தான். கொடுத்திருக்கும் மெல்லிய ரப்பர் கையுறை ஊசியைத் தடுக்காது.

ஆபத்து எவ்வளவு என்று கேட்பீர்கள். நோய்த்தொற்று உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வரும் வாய்ப்பு 100க்கு 6 முதல் 30 வரை. ஹெபடைட்டிஸ் சி என்றால் 100க்கு 2-க்கும் குறைவு. எச்.ஐ.வி. 1000க்கு 3. இது மருத்துவமனைகளில் தவறுதலாக ஊசி குத்திக் காயம்பட்ட ஊழியர்களை வைத்துப் போட்ட கணக்கு. கிடந்து காய்ந்த ஊசியில் வாய்ப்பு இதைவிடக் குறைவுதான். ஆனால் ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே 7 நாள் வரை உயிரோடு இருக்கும். குத்திய ஊசி யாருடையது என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனை, அதுவரை தூக்கமில்லாத இரவுகள்.

ஊசி குத்திவிட்டால் ரத்தத்தைப் பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது, பிளீச்சிங் பவுடர் தேய்க்கக் கூடாது. குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது மிக நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் கொடுப்பதில்லை. தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும்.

ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, 3 தவணை. மருத்துவக் கழிவைக் கையாளுகிறவர்களுக்கு அதைப் போட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆனால் ஒப்பந்தத்தில் கழிப்பறை கழுவும் பெண்ணுக்கு அதைப் போட்டார்களா என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இதில் கோபமே உண்டு. அவர் கையாளுவதும் அதே ஊசிதானே?

சரி, இன்சுலின் போடுகிறவர்கள் என்ன செய்யலாம்? பைக்குள் கெட்டியான சிறு பிளாஸ்டிக் டப்பா ஒன்றை, திருகு மூடியோடு, வைத்துக்கொள்ளுங்கள். போட்டு முடித்ததும் ஊசி நேராக அதற்குள் போகட்டும். இன்சுலின் பேனாவில் மாட்டும் ஊசி 4 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறியதாக இருக்கலாம், ஆனாலும் அதுவும் ஊசிதான். வீட்டில் காலியான பினாயில் கேன் போதும். தண்ணீர் பாட்டில் வேண்டாம், நசுங்கிவிடும். கண்ணாடி உடையும். முக்கால் பாகம் நிரம்பியதும் மூடி, டேப் சுற்றி, "ஊசி, திறக்க வேண்டாம்" என்று எழுதுங்கள். இன்சுலின் வாங்கும் மருத்துவமனையில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் குப்பை வண்டியில் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். வீட்டில் சேரும் ஊசி அபாயகரமான கழிவு, அதைச் சேர்க்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வேண்டும் என்று 2016இல் வந்த திடக்கழிவு விதிகளே சொல்லியிருக்கின்றன. உங்கள் ஊரில் அது எங்கே என்று விசாரியுங்கள்.

கழிப்பறையில் ஊசி கிடப்பதைப் பார்த்தால் காலால் ஒதுக்காதீர்கள், பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எடுக்கிறவர் மூடி போட முயலக் கூடாது. டப்பாவை ஊசிக்குப் பக்கத்தில் தரையில் வைத்து, இடுக்கியால் பின்பக்கம் பிடித்து, முனை முதலில் உள்ளே போகும்படி போட வேண்டும். டப்பாவை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு போடவே கூடாது.

ஆஸ்திரேலியாவில் பல பொதுக் கழிப்பறைகளின் சுவரில் பயன்படுத்திய ஊசியைப் போடுவதற்கான பெட்டி இருக்கிறது. எந்தக் கழிப்பறையில் இருக்கிறது என்று அரசின் கழிப்பறை வரைபடத்திலேயே தேடலாம். நம் பேருந்து நிலையங்களிலும் இதை வைக்க முடியும். குத்தினால் துளைக்காத பெட்டி, குறுகிய வாய், பூட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரம். பெட்டி வாங்குவது எளிது, சிரமமெல்லாம் அதைக் காலி செய்வதில்தான். அதற்கும் வழி இருக்கிறது. அரசு மருத்துவமனைக்கு மருத்துவக் கழிவு வண்டி எப்படியும் வருகிறது. நகராட்சி ஏற்பாடு செய்தால் அதே வண்டி பேருந்து நிலையத்திலும் நின்று போகலாம். வார்டு உறுப்பினரிடம் மனு கொடுக்கிறீர்கள் என்றால் பெட்டியை மட்டும் கேட்காதீர்கள். அதை எடுத்துப் போகும் வண்டி, துப்புரவு செய்கிறவர்களுக்கு 3 தவணைத் தடுப்பூசி, இரண்டையும் அதே மனுவில் எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.