கேலிக்கு எடுத்த 12 நொடி

நடுவர் அவர்களே, நாகர்கோவில் அவையோரே, வணக்கம்.

பிறர் படக்காட்சியை வெட்டி ஒட்டிப் பகடிக் காணொளி செய்வது களவே என்று எதிரணித் தலைவர் முழங்கினார். அடுத்தவர் தோப்பில் ஒரு தேங்காய் பறித்தாலும் திருட்டுதானே என்று கேட்டார். முழுப்படத்தையும் திருடி ஏற்றுகிறவனுக்கு அது பொருந்தும். அவனுக்காக நான் வாதாட வரவில்லை. பகடிக்காரனை அவனோடு ஒரே கயிற்றில் கட்டாதீர்கள்.

தேரூரில் பிறந்த கவிமணி என்ன செய்தார்? தலங்களின் பெருமை பாடும் 'மான்மியம்' என்ற பெயரை எடுத்து, சொத்தைச் சகோதரியின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பெற்ற பிள்ளையைத் தெருவில் நிறுத்திய மருமக்கள்வழி முறைக்குச் சூட்டினார். ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒருத்தியின் வாயால் நாஞ்சில் நாட்டின் கண்ணீரைச் சொல்லவைத்தார். சிரித்துக்கொண்டே படித்த நம் முன்னோர் தலைகுனிந்தார்கள்.

மான்மியம் பொதுச்சொத்து, அதற்கு உரிமையாளர் யார் என்பீர்கள். சரி, உரிமையாளர் உள்ள வழக்குக்கே வருகிறேன். தோப்பில் பாசியின் புகழ்பெற்ற மலையாள நாடகத்திலிருந்து பாத்திரங்களையும் காட்சிகளையும் எடுத்து, அதற்கே எதிர்நாடகம் எழுதினார் சிவிக் சந்திரன். வழக்கு வந்தது. 1996இல் கேரள உயர் நீதிமன்றம் மூன்றைப் பார்த்தது: எவ்வளவு எடுத்தார், எதற்காக எடுத்தார், மூலத்தோடு போட்டியிடுமா. பார்த்துவிட்டு, எதிர்நாடகத்தின் பக்கம் நின்றது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனத்துக்கு விட்டுவைத்த வாசல் அது. அந்தப் பிரிவில் பகடி என்ற சொல் இல்லை. கனடா 2012இல் தன் சட்டத்திலேயே அதை எழுதிவிட்டது. நம் சட்டத்திலும் அது ஏற வேண்டும் என்று உரக்கவே கேட்கிறேன்.

ஏனென்றால் அடி வாங்கியவன் நான். சென்ற மழைக்காலத்தில் எங்கள் தெரு குளமாகக் கிடந்தது. கதாநாயகன் ஆற்றைத் தாண்டிப் பாயும் 12 நொடிக் காட்சியை வெட்டி, அவன் எங்கள் தெருவில் வந்து விழுவதாக ஒட்டினேன். நான்கு நிமிடக் காணொளி. இரண்டாம் நாள் உரிமை மீறல் என்று நீக்கிவிட்டார்கள். அதைப் பார்த்த யாராவது, படத்தையே பார்த்தாயிற்று, இனி டிக்கெட் எதற்கு என்று இருந்துவிடுவார்களா? உரிமையாளர் 21 நாளில் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் மீண்டும் திறக்க 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகள் இடம் தருகின்றன. ஆணை எதுவும் வரவில்லை. எட்டு மாதம் ஆகிறது, இன்னும் திறக்கவில்லை.

நடுவர் அவர்களே, அந்தக் காணொளி என் கைப்பேசியில் இருக்கிறது. இந்த மேடைத் திரையில் போட்டுக்காட்ட அனுமதி தாருங்கள். களவு எங்கே இருக்கிறது என்று எதிரணி விரல் வைத்துக் காட்டட்டும்.