செங்டுவில் சாப்பிட உட்கார்ந்தால்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

நம் ஊர் ஹோட்டல்களில் செஷ்வான் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டிருப்பீர்கள். சிவப்பாக, பூண்டு வாசனையோடு, சுள்ளென்று இருக்கும். எனக்கும் பிடித்ததுதான். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தமான சீனாவின் சிச்சுவான் மாகாணத்துக்கே போய், தலைநகர் செங்டுவில் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்தால் வேறொன்று நடக்கிறது. உதடு மெல்லத் துடிக்கிறது, நாக்கு நுனி மரத்துப்போகிறது, கூடவே எலுமிச்சைத் தோலைக் கிள்ளினாற்போல ஒரு வாசனை.

இது சிச்சுவான் மிளகின் வேலை. பெயரில்தான் மிளகு. நம் மிளகுக்கும் மிளகாய்க்கும் அதற்கும் உறவே கிடையாது. எலுமிச்சை, நாரத்தைக் குடும்பத்தைச் சேர்ந்த முட்செடியின் காய் அது. உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எடுத்துவிட்டு, தோலை மட்டும் வறுத்துப் பொடிப்பார்கள். கொங்கணிக்காரர்கள் மீன் குழம்பில் போடும் திர்ஃபல் இதற்கு நெருங்கிய சொந்தம். லண்டன் ஆய்வாளர்கள் இதை ஆட்களின் உதட்டில் தடவிப் பார்த்து, அந்தத் துடிப்பு நொடிக்குச் சுமார் 50 அதிர்வுகள் போல உணரப்படுகிறது என்று 2013-இல் எழுதினார்கள். மிளகாய் சீனாவுக்குப் போனது 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதற்கு வெகுகாலம் முன்பே இந்த மிளகு அங்கே இருந்தது. நம் சமையலிலும் மிளகுக்குப் பிறகு வந்ததுதானே மிளகாய்!

சிச்சுவான் சாப்பாடு என்றால் காரம் என்று மட்டும் நினைத்துக்கொண்டு போனால், பாதி விருந்தை இழந்துவிடுவோம். அங்கே ஆளுக்கொரு தட்டு என்று வாங்குவதில்லை. எல்லாவற்றையும் நடுவில் வைத்து, ஆளுக்கொரு கிண்ணம் சோற்றோடு பகிர்ந்து சாப்பிடுவார்கள். அதனால் எதை எதோடு சேர்த்து ஆர்டர் சொல்கிறோம் என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். காரமாக ஒன்று, இனிப்பும் புளிப்புமாக ஒன்று, வெறுமனே வதக்கிய கீரை, காரமே இல்லாத ஒரு சூப். இப்படிச் சொன்னால் ஒன்றின் ருசியை இன்னொன்று எடுத்துக் கொடுக்கும்.

காரத்துக்கு மாப்போ டோஃபு. செங்டுவில் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு சாதாரணக் கடையில் பிறந்த பண்டம் என்பார்கள். டோஃபு என்கிற மிருதுவான சோயாக் கட்டி, கொஞ்சம் கொத்திய மாட்டிறைச்சி, இறக்கும்போது மேலே மிளகுப் பொடி. சூடு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும். அதன் உயிர் பீசியன் என்ற ஊரின் அவரை விழுது. மொச்சை மாதிரிப் பெரிய அவரைப் பருப்பை மிளகாயும் உப்பும் சேர்த்து மண்சாடியில் போட்டு, வெயிலில் திறந்து வைத்து, மழை வந்தால் மூடி, கிளறிக் கிளறி மாதக்கணக்கில் புளிக்கவிடுவார்கள். நல்ல விழுதுக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். நிறம் கருஞ்சிவப்பாக மாறியிருக்கும். அந்த ஆழமான ருசியைப் புது மிளகாயால் கொண்டுவரவே முடியாது.

அதே விழுதில்தான் இருமுறை சமைத்த பன்றிக்கறியும். தோலோடு முழுத்துண்டாக வேகவைத்து, ஆறவிட்டு, மெல்லிசாக நறுக்கி, மறுபடி இரும்புச் சட்டியில் வதக்குவார்கள். கொழுப்பு உருகி, துண்டு குழிந்து சுருள வேண்டும். எண்ணெய் விளக்கின் குழி போல வந்தால்தான் பக்குவம் என்று அங்குள்ள சமையல்காரர்களே சொல்வார்கள். அகல் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பக்குவம் சட்டென்று புரியும்.

அப்புறம், மீன் மணக் கத்தரிக்காய். அதில் மீனே கிடையாது. ஊறுகாய் மிளகாய், இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், சர்க்கரை, வினிகர் எல்லாம் சேர்ந்த குழம்பு. கத்தரிக்காயை எண்ணெயில் பொரித்து அதில் புரட்டித் தருவார்கள். என்னைக் கேட்டால், தமிழ் நாக்குக்கு முதலில் தர வேண்டியது இதைத்தான். ஆனால் சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இதிலும் சில கடைகளில் கொத்துக்கறி சேர்ப்பார்கள், பன்றிக் கொழுப்பில் காய் வதக்கும் வழக்கமும் உண்டு. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வறமிளகாய்க் குவியலுக்குள் கோழித் துண்டுகள் புதைந்து வந்தால் பயப்பட வேண்டாம். மிளகாய் வாசனைக்கு மட்டும். சாப்ஸ்டிக்கால் கோழியைத் தேடி எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடலாம்.

காரமே இல்லாத உச்சம் ஒன்றும் இந்தச் சமையலில் உண்டு. வெந்நீரில் சீன முட்டைக்கோஸ் மிதப்பதுபோல் இருக்கும். வாயில் வைத்தால்தான் தெரியும், அது கோழியும் வாத்தும் ஹாம் என்கிற பதப்படுத்திய பன்றித் தொடையும் மணிக்கணக்கில் கொதித்து, அரைத்த இறைச்சியால் கசடு நீக்கித் தெளியவைத்த சாறு. பெரிய விருந்துகளுக்கான பண்டம் இது. கிடைத்தால் விடாதீர்கள்.

கடைசியாக ஊறுகாய். முள்ளங்கி, கோஸ், காராமணிக்காய் எல்லாம் உப்புநீரில் போட்டது. சாடியின் வாயைச் சுற்றி ஒரு வாய்க்கால் இருக்கும். அதில் தண்ணீர் ஊற்றி மூடியைக் கவிழ்ப்பார்கள். உள்ளே உண்டாகும் வாயு குமிழியிட்டு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே போகாது. உப்புநீரைக் கொட்டாமல் வருஷக்கணக்கில் வைத்திருந்து, அதிலேயே புதுக் காய்களைப் போடுவார்கள். மோர்சாதத்துக்கு நாம் ஊறுகாய் தொட்டுக்கொள்வதுபோல அவர்களும் வெறும் சோற்றோடு இதைக் கடித்துச் சாப்பாட்டை முடிப்பார்கள். அதற்கென்று அரைக் கிண்ணம் சோறு மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.